தேவதாரு வளைவு

"கேட்டா என்ன தப்பு அண்ணா?"

"கேட்டா மறுக்க மாட்டான். அதுதான் தப்பு."

நாலு வருஷத்துக்கு முன்னால், ஹத்துவை அடக்கம் செய்த மறுநாள், அவன் மனைவி இஸ்ஸாவும் அவன் அண்ணன் பாஸுவும் முற்றத்தில் நின்று பேசியது இது. பள்ளத்திலிருந்து தூக்கிவந்த ஜீப் அவர்களுக்கு நடுவில் கிடந்தது. கூரை நசுங்கியிருந்தது. இஸ்ஸா குனிந்து அதன் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். பச்சை ஜீப்பில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைப் பெயின்ட் தீற்றல்.

"பிரேக் பிடிக்கலைன்னு எழுதிட்டாங்க. பிரேக் பிடிக்காத வண்டியோட முதுகுல வெள்ளைப் பெயின்ட் எப்படி வரும்? இந்த மலையில வெள்ளை பிக்கப் யார்கிட்ட இருக்கு, சொல்லுங்க."

பாஸு தோளில் கிடந்த துணியை எடுத்து அந்தத் தீற்றலைத் துடைத்தார். போகவில்லை.

"ஸைத் நம்ம பால் வீட்டுப் பையன்மா. பால் வீட்டு மேல புகார் கொடுத்தவன்னு இந்த ஏரிக்கரையில ஒருத்தனைக் காட்டு பார்ப்போம்."

"நான் புகார் கொடுக்கல. அவன் அண்ணன் மௌலூத்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்."

"தம்பியை அவனே பிடிச்சுக் குடுக்கணும்னுதானே? நீ வாயைத் திறந்து கேட்டுட்டா அவன் செஞ்சுதான் ஆகணும். செஞ்சா அந்தக் குடும்பமே அழிஞ்சுடும். அந்தப் பாவம் நம்மளைச் சேரும். கேக்காதம்மா. என் தம்பி மேல ஆணை."

இஸ்ஸா கேட்கவில்லை. நாலு வருஷமாக அந்த ஒரு கேள்வி அவள் நெஞ்சுக்குள் கல் மாதிரி கிடந்தது.

ஹத்துவின் வம்சத்துக்கும் மௌலூத்தின் வம்சத்துக்கும் பால் உறவு ஏற்பட்டு ஐந்து தலைமுறை ஆகிறது. இந்தப் பக்கத்துப் பெண்கள் அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்கள். ஆண்கள் தங்கள் செருப்புகளைக் கம்பளிக்கு அடியில் குவித்து, கைக்கு வந்ததை ஜோடி சேர்த்தார்கள். யார் செருப்போடு யார் செருப்பு சேர்ந்ததோ, அந்த இரண்டு வீடும் அன்று முதல் பால் வீடு. ஒருவரை ஒருவர் திட்டக் கூடாது, கை ஓங்கக் கூடாது, பெண் கொடுத்து எடுக்கக் கூடாது. ஒருவர் கேட்டதை மற்றவர் இல்லை என்று சொல்லக் கூடாது. அதனாலேயே மானமுள்ளவர்கள் எதையும் கேட்பதில்லை. வழியில் பார்த்தால் குதிரையை விட்டு இறங்கி நின்று, நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

மௌலூத் இஸ்ஸாவைவிடப் பன்னிரண்டு வயது பெரியவன். இருந்தும் அவள் ஹத்துவின் மனைவியாக வந்த நாளிலிருந்து அவளை "லல்லா" என்று, பெரிய வீட்டு அம்மாவைக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டான்.

அவன் தம்பி ஸைத்துக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. போன வியாழக்கிழமை சந்தையில் இஸ்ஸாவின் வழியை மறித்து, "தேவதாரு வளைவுப் பக்கம் இனிமே உன் வண்டி வரக் கூடாது" என்று அவன் மிரட்டினான். அவள் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வண்டி வளைவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

*

"ஏரி வலது பக்கம் வரணும்னு மேப்ல போட்டிருக்கே?" என்றான் பின் இருக்கையில் இருந்த அனஸ்.

"வலது பக்கம்தாங்க இருக்கு. தண்ணிதான் இல்ல. ஆறு வருஷமாச்சு" என்றாள் இஸ்ஸா.

காஸாபிளாங்காவிலிருந்து வந்த புது ஜோடி. கல்யாணமாகி எட்டு மாதம். கென்ஸா மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அனஸ் எதையும் போனில் படம் பிடித்த பிறகே கண்ணால் பார்ப்பான். மூன்று ஏரி, இரண்டு காட்டுப் பூங்கா, மலை உச்சியில் தேநீர் என்று ஒரு நாள் முழுக்கச் சுற்றிக் காட்டுவது இஸ்ஸாவின் வேலை. ஹத்து விட்டுப்போன வேலை.

முன் இருக்கையில் பாஸு உட்கார்ந்திருந்தார். இடது முன்சக்கரத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது, கூடவே வந்து கவனிக்கப்போகிறேன் என்று சொல்லி ஏறிக்கொண்டார். சக்கரத்தில் எந்தச் சத்தமும் இல்லை என்பது இஸ்ஸாவுக்குத் தெரியும். சந்தையில் நடந்தது அவர் காதுக்கு வந்திருக்க வேண்டும்.

பூங்காவில் நிறுத்தியபோது ஒரு கிழட்டுக் குரங்கு அனஸின் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு, அவனைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நிதானமாகத் தின்றது.

"எங்க அப்பாவுக்கு அடுத்தபடியா உங்களை இப்படி முறைச்சது இதுதான்" என்றாள் கென்ஸா.

"உங்க அப்பா ரொட்டியாவது விட்டு வச்சார்."

பாஸு கூடச் சிரித்துவிட்டார். வெகு நாளைக்குப் பிறகு அவர் பல் தெரிந்ததை இஸ்ஸா பார்த்தாள். மனசு லேசானது. அரை மணி நேரத்துக்கு.

*

தேவதாரு வளைவுக்கு வரும்போதெல்லாம் இஸ்ஸா பாட்டை நிறுத்திவிடுவாள். இரண்டாவது ஏரியை முழுசாகப் பார்க்க அந்த ஒரு இடம்தான் உண்டு. வருகிறவர்கள் எல்லாரும் அங்கே இறங்கிப் படம் எடுப்பார்கள். ஹத்து விழுந்த பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்று சிரிப்பார்கள்.

அன்றைக்கு வளைவுக்கு நூறு அடி முன்னாலேயே வாசம் வந்தது. அப்போதுதான் அறுத்த தேவதாருவின் வாசம்.

வெள்ளை பிக்கப் சாலையின் குறுக்கே நின்றது. நாலு பேர் உத்தரக்கட்டைகளைத் தூக்கிப் பின்னால் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையில் வனக்காவலர்கள் எல்லாரும் கீழே சுற்றுலா வண்டிகளின் நெரிசலில் மாட்டிக்கொள்வார்கள் என்று தெரிந்து, பட்டப்பகலில் செய்கிற வேலை. மேலே சரிவில் வெட்டின அடிமரம் செக்கச்செவேல் என்று தெரிந்தது.

"இதென்ன, மரத்தை வெட்டறாங்களா? பூங்காவுக்குள்ளயா?" அனஸின் போன் ஜன்னலுக்கு வெளியே நீண்டுவிட்டது.

"உள்ள எடுங்க!" என்று இஸ்ஸா கத்துவதற்குள் ஸைத் பார்த்துவிட்டான். கால்பந்துச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக, கையில் கோடாரியோடு நடந்து வந்தான்.

"போனைக் குடு."

அனஸ் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினான். ஸைத் கோடாரிக் காம்பால் கதவில் ஒரு குத்து விட்டான்.

பாஸு கதவைத் திறந்தார். "நான் பேசறேன்."

"இறங்காதீங்க அண்ணா." இஸ்ஸா சீட்டுக்கடியிலிருந்த வீல் ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். "இறங்கித்தான் ஆகணும்னா இதைக் கையில வச்சுக்கோங்க."

அவர் அதை, ஏதோ அசிங்கத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "பால் வீட்டார் முன்னாடி ஸ்பேனரோடவா? என் மேல கை வைப்பானா அவன்?"

வெறுங்கையோடு இறங்கினார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டே போனார். "ஸைத், தம்பி. விருந்தாளிங்கப்பா. படத்தை அழிச்சிடச் சொல்றேன். வழியை விடு, போயிடறோம். உங்க அம்மா, இம்மாவுக்கு உடம்பு எப்படி—"

கோடாரியின் பின்புறம் அவர் தோளில் இறங்கியது. காய்ந்த கிளை ஒடிகிற சத்தம். பாஸு கீழே விழவில்லை. வலியைவிட ஆச்சரியம்தான் அவர் முகத்தில் இருந்தது. இரண்டாவது அடி முழங்காலில் விழுந்தது. அப்போதுதான் சாய்ந்தார். மூன்றாவது அடியில் இரும்பின் கூர் திரும்பி அவர் தொடையைக் கிழித்தது.

"ஸைத்!" மரம் தூக்கிய ஒருவன் அலறினான். "அவர் உங்க பால் வீடுடா!"

அவன் கையிலிருந்த கட்டை தரையில் விழுந்தது. இன்னொருவன் பின்னோக்கி நடந்து நடந்து, திரும்பி, காட்டுக்குள் ஓடினான். காட்டுமரம் திருடப் பயப்படாதவர்கள். இதைக் கண்ணால் பார்க்க அவர்களால் முடியவில்லை.

ஸைத் கோடாரியைச் சுழற்றி ஜீப்பின் முன்கண்ணாடியில் போட்டான். கண்ணாடி வெள்ளையாகச் சிதறி நின்றது.

இஸ்ஸா ஸ்பேனரோடு இறங்கி ஓடினாள். அவன் மண்டைக்கு நேராக ஓங்கினாள். கை அங்கேயே நின்றது. பிறந்ததிலிருந்து முப்பத்திரண்டு வருஷமாக அவள் உடம்பில் ஊறியிருந்த ஏதோ ஒன்று முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

ஸைத் சிரித்தான். "அடி. முடியலல்ல? உங்க வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரிதான்."

அவள் தலைத்துணியோடு முடியைக் கொத்தாகப் பிடித்து பானெட்டில் மோதினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. அவள் புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவன் குனிந்து காதோரம் பேசினான்.

"உன் புருஷன் விழுந்ததும் செத்துட்டான்னுதானே நினைச்சிட்டிருக்க? இல்ல. வண்டிக்கு வெளிய தவழ்ந்து வந்தான். என்னைப் பார்த்ததும் 'தம்பி, கையைக் குடு'ன்னான்." ஒரு மூச்சு விட்டான். "குடுத்தேன். தூக்கி விடறதுக்கு இல்ல."

இஸ்ஸாவின் காதில் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எதுவுமே விழவில்லை.

கென்ஸா வந்தது அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு இந்த மலையில் எந்தப் பால் உறவும் கிடையாது. மலை உச்சியில் குடிக்க வைத்திருந்த பிளாஸ்க்கைத் திறந்து, கொதிக்கிற புதினா டீயை அப்படியே ஸைத்தின் முகத்தில் ஊற்றினாள்.

அவன் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தான்.

"ஏறுங்க! என்ன பார்த்துட்டு நிக்கறீங்க? அனஸ், அவரைத் தூக்கு! அந்தப் போனைக் கீழ போட்டுட்டுத் தூக்குடா!"

*

இஸ்ஸா வந்த வழியே வண்டியைத் திருப்பினாள். பிக்கப் பின்னாலேயே வந்தது.

அனஸ் முன் இருக்கையிலிருந்து உதைத்து உதைத்து முன்கண்ணாடியைப் பெயர்த்துத் தள்ளினான். காற்றும் தூசியும் முகத்தில் அறைந்தன. பின் இருக்கையில் கென்ஸா தன் சால்வையைக் கிழித்து பாஸுவின் தொடையை இறுக்கிக் கட்டி, முழங்காலை வைத்து அழுத்தினாள்.

"ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?"

"அஸ்ரூ வரைக்கும் போகணும். முப்பது நிமிஷம்."

"இருபதுல போங்க."

முதல் இடி மூன்றாவது திருப்பத்தில் விழுந்தது. ஜீப்பின் பின்பாகம் பள்ளத்துப் பக்கம் இழுத்தது. இஸ்ஸா ஸ்டியரிங்கைப் பாறைப் பக்கம் ஒடித்தாள். கதவு முழுக்கப் பாறையில் உரசித் தீப்பொறி பறந்தது. இரண்டாவது இடியில் பின்கண்ணாடி நொறுங்கி உள்ளே கொட்டியது. அனஸ் அல்லாவைக் கூப்பிட்டான். பாஸு யாரையும் கூப்பிடவில்லை. "என் மேல கை வச்சுட்டான்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹத்துவும் இவர்கள் மரம் ஏற்றுவதை எப்போதோ பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு அவனும் இப்படித்தான் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அந்த வெள்ளை வண்டியைப் பார்த்திருப்பான். பார்த்தபோதுகூட, தம்பி ஏதோ அவசரமாகப் போகிறான், வழி விடுவோம் என்று நினைத்திருப்பான். அப்படிப்பட்டவன்தான் அவன்.

மலை இறங்கி முடிந்த இடத்தில் சாலை ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும். அங்கே பள்ளம் இல்லை. ஆனால் சாலை நேர்க்கோடாக இருக்கும். நேர்க்கோட்டில் பிக்கப்தான் ஜெயிக்கும். இஸ்ஸா சாலையை விட்டாள். கரையைத் தாண்டி, வற்றிக் கிடந்த ஏரிக்குள் வண்டியை இறக்கினாள்.

"எங்க போறீங்க?" அனஸின் குரல் உடைந்தது.

ஹத்து அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது இந்தத் தரையில்தான். கருகிய நாணல் நிற்கிற இடத்தில் தரை தாங்கும். வெடிப்பு இல்லாமல் வழவழவென்று இருக்கிற இடத்தில் தாங்காது, மேலே ஓடு மாதிரி காய்ந்திருந்தாலும் அடியில் சேறு. நாணலின் ஓரமாகவே பாம்பு மாதிரி வளைந்து போனாள்.

ஸைத்துக்கும் இது தெரியாததல்ல. ஆனால் அவனுடைய ஒரு கண் வெந்து மூடியிருந்தது. முதுகில் ஒரு டன் தேவதாரு. அவளைக் குறுக்கே மறிக்க வேண்டும் என்ற வெறியில் நேராக வந்தான்.

தரை பொத்துக்கொண்டது. பிக்கப்பின் மூக்கு சேற்றுக்குள் இறங்க, பின்னாலிருந்த கட்டைகள் கூரையைப் பிய்த்துக்கொண்டு முன்னால் பாய்ந்தன.

இஸ்ஸா வண்டியைத் திருப்பி நிறுத்தினாள்.

கதவை உதைத்துத் திறந்து ஸைத் வெளியே விழுந்தான். இடுப்பளவு சேறு. கையில் இன்னும் கோடாரி. கெட்டித் தரைக்கு ஊர்ந்து வந்து மண்டியிட்டான். எழுந்திருக்க முடியவில்லை.

இருபது அடி. இஸ்ஸா ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். கியர் போடவில்லை. எஞ்சின் உறுமியது. கை கியரின் மேல் இருந்தது.

"இஸ்ஸா" என்றார் பாஸு.

அவள் கியரைப் போட்டாள்.

அப்போதுதான் குதிரை குறுக்கே வந்தது. கரையில் சுற்றுலாக்காரர்களுக்குக் குதிரை விடுகிற மௌலூத், எல்லாவற்றையும் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, சேணம்கூட இல்லாமல் ஏறி வந்திருந்தான். குதித்து இறங்கித் தம்பியின் கையிலிருந்த கோடாரியைப் பிடுங்கினான். அதன் இரும்பில் மண்ணோடு சேர்ந்து உறைந்திருந்த ரத்தத்தைப் பார்த்தான். ஜீப்பின் பக்கம் வந்து உள்ளே பாஸுவைப் பார்த்தான்.

தன் தலைப்பாகையை அவிழ்த்துக் கீழே போட்டான். மௌலூத்தை வெறுந்தலையோடு இஸ்ஸா இதற்கு முன் பார்த்ததில்லை. முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது.

"லல்லா," என்றான், "இந்த மண்ணு என்னை விழுங்கியிருக்கலாம்."

இஸ்ஸா இறங்கினாள். முகத்தில் பாதி ரத்தம்.

"ஹத்து உயிரோட இருந்திருக்கார். வண்டி விழுந்த பிறகும். உங்க தம்பிகிட்ட உதவி கேட்டுக் கை நீட்டியிருக்கார்."

மௌலூத் தலையை நிமிர்த்தவில்லை. பொய் என்று சொல்லவில்லை. எப்போது, எப்படி என்று கேட்கவில்லை.

இஸ்ஸா அவனையே பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும்."

"ரெண்டாவது வருஷம். குடிச்சுட்டு உளறினான்." குரல் கீழேயே கிடந்தது. "அதுக்கப்புறம் தினமும் உங்க வீட்டு வாசல் வழியாத்தான் லல்லா போனேன். இன்னைக்குக் கேப்பீங்க, நாளைக்குக் கேப்பீங்கன்னு. கேட்டிருந்தா செஞ்சிருப்பேன்."

"கேக்காமலே செஞ்சிருக்கலாமே!"

"அண்ணனாச்சே நான்."

"அவருக்கு?" என்றாள் இஸ்ஸா. "ஹத்துவுக்கு நீங்க யாரு?"

வண்டிக்குள்ளிருந்து கென்ஸா கத்தினாள். "சால்வை முழுக்க நனைஞ்சிடுச்சு! சீக்கிரம் கிளம்புங்க, அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது!"

மௌலூத் ஒரு அடி முன்னால் வந்தான். "அவரைக் கொண்டு போங்க லல்லா. முதல்ல அது. இன்னைக்கு மட்டும் எதுவும் கேட்டுடாதீங்க. இம்மா மூச்சு விடவே சிரமப்படறா. இவன்தான் அவளுக்குக் கடைசிப் பிள்ளை. நாளைக்கு வாங்க. அடுத்த வாரம் வாங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்."

அப்போதுதான் ஸைத்துக்கு விளங்கியது. சேற்றிலிருந்து தலையைத் தூக்கினான். கோடாரி கையில் இருந்தபோது இல்லாத பயம் அவன் குரலில் இருந்தது.

"அண்ணே, அவளைப் பேச விடாத! காதைப் பொத்திக்கோ! காதுல விழலேன்னா கணக்கு இல்ல! அண்ணே!"

மௌலூத்தின் கைகள் பாதி வரைக்கும் எழுந்தன. மெல்ல இறங்கின.

"நல்லா கேட்டுக்கோ அண்ணே," ஸைத் வெறி பிடித்தவன் போலச் சிரித்தான், அழுதான். "என்னைப் பிடிச்சுக் குடுத்தா நான் வாயைத் திறப்பேன். அன்னைக்கு அந்தப் பள்ளத்துல நான் மட்டுமா இறங்கினேன்? சொல்லட்டுமா?"

மௌலூத்தின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோனது. இஸ்ஸா அதைப் பார்த்தாள். அவன் தன் கண்ணைச் சந்திக்காமல் குதிரையின் பக்கம் திரும்பியதையும் பார்த்தாள்.

ஜீப்புக்குள்ளிருந்து பாஸுவின் குரல், மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் வந்தது. "வேண்டாம்மா... அந்த வீடு..."

"உங்களுக்கு இந்த ஒரு தடவை கீழ்ப்படிய மாட்டேன் அண்ணா" என்றாள் அவள், திரும்பாமலேயே.

மௌலூத்துக்கு எதிரே போய் நின்றாள். கண்ணில் வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். அவன் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் அவளுக்கு.

"மௌலூத் அண்ணா, நம்ம ரெண்டு வீடும் குடிச்ச பால் மேல வச்சுக் கேக்கறேன். இந்த வீட்டுலேர்ந்து உங்ககிட்ட யாரும் எப்பவும் எதுவும் கேட்டதில்ல. நான் கேக்கறேன். உங்க தம்பியை உங்க கையாலயே பிடிச்சுக் கொண்டுபோய் போலீஸ் முன்னாடி நிறுத்துங்க. என் ஹத்து எப்படிச் செத்தார், அப்ப அங்க யார் யார் இருந்தாங்கன்னு உங்க வாயாலயே சொல்லுங்க. இன்னைக்கே."